மேகத்துக்குள் புகுமுன்: விமானி அறையில் கருவிகளை ஆயத்தம் செய்தல்

ஈப்போ நகரின் தெற்குப்புறத்தில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா வானூர்தி நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 130 அடி உயரத்தில், கிந்தா பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் அமைந்திருக்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இரண்டுக்கும் இடைப்பட்ட சமவெளியில் சுண்ணாம்புக் குன்றுகள் நட்டுவைத்த தூண்களைப் போலச் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. நிலையத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் 7,162 அடி உயரமுள்ள கொர்பு மலை இருக்கிறது. குனோங் ராப்பாட் வட்டாரத்தில் குடியிருப்போருக்கு இவை அன்றாடம் கண்ணில் படும் காட்சிகள்; அழகானவை. மேகம் தாழ இறங்கிய காலை வேளையில் அதே ஓடுபாதையிலிருந்து எழும்பும் விமானிக்கோ இவை கண்ணுக்குத் தெரியாத பாறைகள். எதிரிலுள்ள கருவிகளை நம்பியே அவர் அவற்றைத் தவிர்த்துச் செல்ல வேண்டும். அக்கருவிகள் உண்மையைக் காட்டுமா என்பது, சக்கரம் உருளத் தொடங்குமுன் தரையில் கழியும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த நிமிடங்களில் நடப்பவற்றை விளக்குவதே இப்பொழிவின் நோக்கம்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 போன்ற நால்வர் வானூர்தி ஒன்று, மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில் சென்றுகொண்டே நிமிடத்துக்கு 500 அடி ஏறுகிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு ஒன்றரைக் கடல் மைல் கடக்கும். ஆகவே ஒரு கடல் மைலுக்கு 333 அடி ஏறும். 25 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ பதின்மூன்றரைக் கடல் மைல். அத்தொலைவில் அது பெறும் உயரம் 4,600 அடியை ஒட்டித்தான் இருக்கும். கொர்புவின் உச்சி அதற்கும் 2,500 அடி மேலே நிற்கிறது. ஆகவே ஈப்போவிலிருந்து வடகிழக்கு நோக்கி எழும்பும் சிறு வானூர்தி எங்கே திரும்ப வேண்டும், எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்பதை விமானி புறப்படுமுன்பே அறிந்திருக்க வேண்டும். அறிந்ததைக் கருவிகளிலும் பதித்திருக்க வேண்டும்.

வானில் செல்வதற்கு இருவகை விதிகள் உண்டு. தரையையும் அடிவானத்தையும் மற்ற வானூர்திகளையும் கண்ணால் பார்த்துச் செல்வது பார்வைவழிப் பறப்பு. வெளியே எதுவும் தெரியாத நிலையிலும் கருவிகளையும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதியையும் கொண்டு செல்வது கருவிவழிப் பறப்பு. நம் மாநிலத்தில் இரண்டாவது வகைக்குத் தேவை அடிக்கடி ஏற்படும். இரவு மழை பெய்த மறுநாள் காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி தங்கும். பிற்பகலில் மலைச்சரிவுகளை ஒட்டி இடிமழை மேகங்கள் திரளும். 1997, 2015 ஆகிய ஆண்டுகளில் சுமத்திராவிலிருந்து வந்து படிந்த புகைமூட்டத்தை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம்.

மேகத்துக்குள் மனித உடல் பொய் சொல்லும் என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். நம் சமநிலை உணர்வுக்குக் காரணமான உட்செவியின் நீர்மம், திருப்பம் தொடங்குவதை உணரும். சீராகத் தொடரும் திருப்பத்தை உணராது. சில நொடிகள் ஒரே அளவில் வட்டமிட்டால் நேராகச் செல்வதாகவே தோன்றும். அந்நிலையில் வானூர்தியை உண்மையாகவே நேராக்கினால், எதிர்ப்புறம் சாய்கிறோம் என்று உடல் அலறும். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் இவ்வுணர்வு மாறுவதில்லை. கருவியை நம்பு, உடலை நம்பாதே என்று விமானிகளுக்குக் கற்பிப்பதன் காரணம் இதுவே. ஆனால் நம்பப்படும் கருவி முதலில் நம்பிக்கைக்குரியதாக இருக்க வேண்டும் அல்லவா?

சொற்களைப் பற்றியும் ஓரிரு வரிகள் கூறலாம். புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஓட்டுவோர் இன்றித் தானே செல்லும் வானூர்தியைக் குறிப்பிடுகிறார். ஓட்டுவோரை அவர் வலவன் என்கிறார். அச்சொல்லை மீட்டெடுத்துப் பயன்படுத்தலாம் என்போர் உண்டு. எனக்கும் அதில் விருப்பம்தான். எனினும் நம் நாளேடுகளிலும் வீடுகளிலும் வேரூன்றிவிட்ட விமானி என்ற சொல்லையே இங்குக் கையாள்கிறேன். விமானி அறையிலுள்ள மின்னணுக் கருவிகள் அனைத்தையும் சேர்த்து வான்மின்னணுக் கருவிகள் என்று அழைப்போம். வி.ஓ.ஆர்., ஜி.பி.எஸ்., டிரான்ஸ்பாண்டர் ஆகியவற்றை அப்பெயர்களாலேயே குறிப்பிடுகிறேன். விமானி ஒலிவாங்கியில் சொல்லப்போவது அப்பெயர்களைத்தான்.

வானூர்தியின் மின்சுற்றில் முதன்மை விசை ஒன்றும் வான்மின்னணுக் கருவிகளுக்கெனத் தனி விசை ஒன்றும் இருப்பது வழக்கம். இயந்திரம் முடுக்கப்படும்போது மின்னழுத்தம் திடீரென்று விழுந்து எழும். அந்த அதிர்வு மென்மையான கருவிகளைத் தாக்காதிருக்க, இயந்திரம் சீராக ஓடத் தொடங்கிய பின்னரே தனி விசை போடப்படுகிறது. கண்ணாடித் திரைகளாலான புதிய விமானி அறைகளில், சாய்வையும் திசையையும் அளக்கும் உணரிகள் தம்மைத் தாமே நிலைப்படுத்திக்கொள்ள ஒரு நிமிட அளவு தேவைப்படும். அவசரக்காரர்கள் அந்த ஒரு நிமிடத்தையும் பொறுக்காமல் வண்டியை நகர்த்திவிடுகின்றனர்.

திரை உயிர்பெறும்போது முதலில் தோன்றுவது தரவுத்தளத்தின் காலாவதி நாள். ஓடுபாதைகள், வழிப்புள்ளிகள், வானலை எண்கள் ஆகியவை உலக அளவில் 28 நாளுக்கு ஒருமுறை ஒரே நாளில் புதுப்பிக்கப்படும் ஏற்பாடு உண்டு. ஒரு வழிப்புள்ளி இடம்மாறியிருக்கலாம். ஒரு புறப்பாட்டு முறை நீக்கப்பட்டிருக்கலாம். பழைய தரவை வைத்துக்கொண்டு மேகத்துக்குள் செல்பவர் பழைய நகரப் படத்தை வைத்துக்கொண்டு புதிய ஈப்போவில் தெருத் தேடுபவரைப் போன்றவர். திரையில் வரும் இந்த அறிவிப்பைப் படிக்காமலே ஏற்புப் பொத்தானை அழுத்திவிடும் பழக்கம் பலரிடம் உள்ளது. கைப்பேசிச் செயலிகள் நமக்குக் கற்றுத்தந்த கெட்ட பழக்கங்களுள் இதுவும் ஒன்று என்பேன்.

அடுத்தது உயரமானி. விரிவாகப் பேசத் தக்கது இதுவே. உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து அதை உயரமாக மொழிபெயர்க்கிறது. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறையும். கடல்மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ 27 அடி ஏறியதாகக் கருவி காட்டும். சிக்கல் என்னவென்றால், கடல்மட்ட அழுத்தமே நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். ஆகவே அன்றைய, அந்த வேளையின், அந்த இடத்து அழுத்தத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்டுப் பெற்று, உயரமானியின் சிறு சாளரத்தில் பதிக்க வேண்டும். விமானிகள் இதனைக் கியூ.என்.எச். என்பர். உண்மையான அழுத்தம் 1008 ஆக இருக்க, முந்தைய பறப்பில் விடப்பட்ட 1013 அப்படியே இருந்தால், கருவி ஏறத்தாழ 137 அடி கூடுதலாகக் காட்டும். விமானி தாம் 137 அடி மேலே இருப்பதாக எண்ணிக்கொள்வார். மலைகளுக்கு நடுவே அது சிறிய எண் அன்று.

இப்பிழையைத் தரையிலேயே பிடித்துவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. வானூர்தி நிற்கும் இடத்தின் உயரம் தெரிந்ததே. ஈப்போவில் சரியான அழுத்தத்தைப் பதித்தால் முள் 130 அடியை ஒட்டிக் காட்ட வேண்டும். 270 காட்டினால், கேட்ட எண் தவறு, அல்லது பதித்த எண் தவறு, அல்லது கருவியே பழுது. 75 அடிக்கு மேல் வேறுபாடு இருந்தால் அக்கருவியை நம்பி மேகத்துக்குள் செல்லக்கூடாது என்பது பயிற்சியில் பரவலாகக் கையாளப்படும் வரம்பு. வானூர்தியில் இரண்டு உயரமானிகள் இருந்தால் இரண்டையும் பதித்து ஒப்பிட வேண்டும். மாற்றுக் கருவிதானே என்று அதை விட்டுவிடுவோர் உண்டு. முதன்மைத் திரை அணைந்துபோகும் நாளில் துணை நிற்கப்போவது அந்த மாற்றுக் கருவிதான். நம் நாட்டில் 11,000 அடியைக் கடந்து ஏறும்போது எல்லா வானூர்திகளும் 1013 என்ற பொது அளவுக்கு மாறிவிடுகின்றன. இறங்கும்போது மீண்டும் உள்ளூர் அளவுக்கு வருகின்றன. சிறு பயிற்சி வானூர்திகளுக்கு அவ்வளவு உயரம் செல்லும் தேவை பெரும்பாலும் எழாது.

திசையைக் காட்டும் கருவியைக் காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிடுவது அடுத்த வேலை. நம் நாட்டில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் இங்குள்ளோருக்கு ஒரு தொல்லை குறைவு. தரையில் உருண்டு செல்லும்போதும் சோதனை தொடரும். வலப்பக்கம் திரும்பினால் திசை எண் கூட வேண்டும். இடப்பக்கம் திரும்பினால் குறைய வேண்டும். செயற்கை அடிவானம் சாயாமல் நிற்க வேண்டும்.

வானலை வழிகாட்டிகளுள் பழையதும் இன்னும் பயனில் உள்ளதும் வி.ஓ.ஆர். என்பது. தரையில் உள்ள நிலையம் ஒன்று 360 பாகைகளிலும் வேறுபடுத்தி அறியத்தக்க அலைகளைப் பரப்புகிறது. எந்தப் பாகைக் கோட்டில் தாம் இருக்கிறோம் என்பதை விமானியின் கருவி கண்டுகொள்கிறது. எண்ணைச் சுழற்றிவைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு நிலையமும் தன் அடையாள எழுத்துகளை மோர்ஸ் ஒலியில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். விமானி ஒலியைத் திறந்து, குறில் நெடில் போன்ற அவ்வொலிகளைக் கேட்டு, தாம் விரும்பிய நிலையம்தான் என்று உறுதிசெய்ய வேண்டும். பழுதுபார்ப்பில் உள்ள நிலையம் தன் அடையாளத்தை நிறுத்திக்கொள்ளும். முள் மட்டும் எதையோ காட்டிக்கொண்டிருக்கலாம். கண்ணை ஏமாற்றும் முள்ளைக் காது காட்டிக்கொடுக்கிறது. அசையாத நிலையில் இரண்டு வி.ஓ.ஆர். கருவிகளையும் சோதித்து, நான்கு பாகைக்கு மேல் பிழை காட்டும் கருவியை ஒதுக்கிவிடுவது வழக்கம்.

புதிய வானூர்திகளில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே முள், விமானி தேர்ந்தெடுத்தபடி வி.ஓ.ஆர். சொல்வதையும் காட்டும்; ஜி.பி.எஸ். சொல்வதையும் காட்டும். பல திரைகளில் ஜி.பி.எஸ்.ஸுக்கு மெஜந்தா நிறமும் வி.ஓ.ஆர்.ஸுக்குப் பச்சையும் வழங்கியிருக்கிறார்கள். நிலையத்தின் எண்ணைச் சரியாகப் பதித்து, மோர்ஸையும் கேட்டுவிட்டு, முள் மட்டும் இன்னும் ஜி.பி.எஸ்.ஸைப் பின்பற்றுவதைக் கவனியாமல் எழும்பியவர்கள் பலர்.

இனி, வழித்தடத்தைப் பதித்தல். ஈப்போவிலிருந்து சுபாங்கிற்குச் செல்வதாகக் கொள்வோம். நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 90 கடல் மைல். திசை ஏறத்தாழ 162 பாகை. வழிப்புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பதித்து முடித்ததும், திரை காட்டும் மொத்தத் தொலைவையும் ஒவ்வொரு பகுதியின் திசையையும் அச்சிட்ட வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். 90 இருக்க வேண்டிய இடத்தில் 900 என்று வந்தால் சிந்திக்க வேண்டும். வெளிப்படையாகத் தெரியும் இந்த அறிவுரைக்கு இத்தனை அழுத்தம் தேவையா என்று கேட்கலாம். தேவை என்பதற்கு நம் நாட்டு வானூர்தி ஒன்றே சான்று.

2015 மார்ச் 10ஆம் நாள், ஏர் ஏசியா எக்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் 330 ஒன்று சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்படவிருந்தது. வழக்கப்படி தலைமை விமானி வெளியே சென்று வானூர்தியைச் சுற்றிப் பார்ப்பார். துணை விமானி அறைக்குள் கருவிகளை ஆயத்தம் செய்வார். அன்று தலைமை விமானியின் செவிக்காப்பு கிடைக்கவில்லை. ஆகவே இருவரும் வேலையை மாற்றிக்கொண்டனர். தலைமை விமானி, வானூர்தி நிற்கும் இடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளைக் கையால் பதித்தார். 151 பாகை 9.8 கலை கிழக்கு என்பது 15109.8 என்று பதியப்பட்டிருக்க வேண்டும். பதியப்பட்டதோ 01519.8, அதாவது 15 பாகை 19.8 கலை கிழக்கு. எண் ஒன்று நழுவியது. வானூர்தி சிட்னியில் நின்றுகொண்டே, தான் கேப்டவுனுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் இருப்பதாக நம்பத் தொடங்கியது. பிழையின் அளவு 11,000 கிலோமீட்டருக்கும் மேல்.

இது எப்படி இயலும் என்பதை விளக்க வேண்டும். பெரிய வானூர்திகளில் உள்ள நிலைமவழிக் கருவி, கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி நடப்பவனைப் போன்றது. எத்தனை அடி, எந்தப் பக்கம் என்பதை அது நுட்பமாகக் கணக்கிடும். தொடங்கிய இடத்தை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும். தொடக்கம் தவறினால் பின்னர் வரும் நுட்பம் முழுவதும் தவறின்மேல் கட்டப்படும்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கை 2016இல் வெளிவந்தது. புறப்படுமுன் பிழையைக் கண்டறியும் வாய்ப்புகள் பல இருந்தன என்றும், வானூர்தி எழும்பிய பின்னரே சிக்கல் உணரப்பட்டது என்றும் அது கூறுகிறது. தானியங்கி ஓட்டி இயக்கப்பட்டவுடன் வானூர்தி இடப்புறம் திரும்பி, பக்கத்து இணை ஓடுபாதையின் புறப்பாட்டுப் பாதைக்குக் குறுக்கே சென்றது. தரை நெருங்குகிறது என்ற எச்சரிக்கைகள் ஒலித்தன. வானிலேயே கருவிகளைச் சரிசெய்ய முயன்றபோது பறப்பு வழிகாட்டும் அமைப்புகள் மேலும் சீர்கெட்டன. சிட்னியின் வானிலை அவர்களை மீண்டும் இறங்கவிடவில்லை. பார்வைவழி இறங்கத்தக்க வானிலை இருந்த மெல்பர்னுக்குத் திருப்பிவிடப்பட்டனர். அங்கே பாதுகாப்பாகத் தரையிறங்கினர். எவருக்கும் காயமில்லை. இத்தகைய பதிவுப் பிழையைத் தடுக்கும் மேம்பட்ட அமைப்பு அப்போதே கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த வானூர்தியில் அது பொருத்தப்படவில்லை என்பதையும் அறிக்கை குறிப்பிட்டது.

இதே வழுக்கலை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ஈப்போவின் நெட்டாங்கு ஏறத்தாழ 101 பாகை 5 கலை. ஓர் எண் இடம்மாறி 110 என்று விழுந்தால், வானூர்தி தான் சரவாக்கின் கரைக்கு வடக்கே தென்சீனக் கடலில், ஆயிரம் கிலோமீட்டர் அப்பால் இருப்பதாக நம்பும்.

அன்று வேலையை மாற்றிக்கொண்டதில் தவறில்லை. மாற்றிக்கொண்ட வேலையை மற்றவர் சரிபார்க்கும் சங்கிலி அறுந்ததுதான் இடர். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்கப் பெரட்டே போதும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் கிராணி பெயரைக் கூப்பிடுவார். அழைக்கப்பட்டவர் வாய்திறந்து மறுமொழி சொன்ன பின்னரே ஏட்டில் குறி விழும். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் வந்திருப்பார்கள் என்று குறி போடுவதில்லை. விமானி அறையின் சரிபார்ப்புப் பட்டியலும் அப்படியே. ஒருவர் கருவியின் பெயரைப் படிக்க வேண்டும். மற்றவர் அந்தக் கருவியைப் பார்த்து, அதில் அப்போது உள்ள எண்ணைச் சொல்ல வேண்டும். 'சரி' என்ற மறுமொழி செல்லாது. உயரமானி என்று கேட்டால் 1008, 130 அடி என்று வர வேண்டும். தனியாகப் பறப்பவர் இரண்டு குரலிலும் தாமே பேசிக்கொள்ள வேண்டியிருக்கும். பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருந்தாலும் குற்றமில்லை.

பெயர் ஒன்றாக இருந்து இடம் வேறாக இருப்பதும் உண்டு. 1995 டிசம்பர் 20ஆம் நாள் கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 757இல், விமானிகள் ஒரு வழிகாட்டி நிலையத்தை எண்ணி ஆர் என்ற ஒற்றை எழுத்தைப் பதித்தனர். கணினி பட்டியலில் முதலில் காட்டியது தலைநகர் பொகோட்டாவுக்கு அருகிலுள்ள வேறொரு நிலையத்தை. அதனை ஏற்றுக்கொண்டதும் வானூர்தி மலைப்பக்கம் திரும்பியது. 163 பேரில் 159 பேர் மாண்டனர். தொலைவையும் திசையையும் ஒப்பிட்டிருந்தால் அந்த ஒற்றை எழுத்தின் பொருள் அப்போதே தெரிந்திருக்கும்.

கருவிகள் ஆயத்தமானதும் கட்டுப்பாட்டாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். எவ்விடம் வரை, எவ்வழியாக, எவ்வளவு உயரத்துக்கு, அடுத்துப் பேச வேண்டிய வானலை எண் எது, டிரான்ஸ்பாண்டரில் பதிக்க வேண்டிய நான்கிலக்க எண் எது என்று விரைவாக ஒப்பிப்பார்கள். விமானி எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிப் படிக்க வேண்டும். டிரான்ஸ்பாண்டர் என்பது தரையிலுள்ள ராடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் கருவி. அதன் ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரை மட்டுமே. 7500 கடத்தலையும், 7600 வானொலித் தொடர்பு அறுந்ததையும், 7700 நெருக்கடியையும் குறிக்கும். ஆகவே சுழற்றும்போது கூட அந்த எண்களில் நின்றுவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொழிக் கழகம் ஒன்றின் மேடையில், இந்த உரையாடலின் மொழியைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக முடியாது. 1989 பிப்ரவரி 19ஆம் நாள் காலை, சிங்கப்பூரிலிருந்து சுபாங்கிற்கு வந்த ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 747 சரக்கு வானூர்தி பூச்சோங்கிற்கு அருகே குன்றில் மோதியது. அதிலிருந்த நால்வரும் மாண்டனர். கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொல்லக் கருதி, ஆங்கிலத்தில் டூ ஃபோர் சீரோ சீரோ என்றார். இரண்டு என்பதைக் குறிக்கும் டூவும், 'இதுவரை' என்னும் பொருள்தரும் டூவும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி. விமானி 400 அடிக்கு இறங்குமாறு கேட்டதாகப் புரிந்துகொண்டார். அவர் திருப்பிச் சொன்ன மறுமொழியில் நானூறு தெளிவாக இருந்தது, அது திருத்தப்படவில்லை. தரையை நெருங்குவதாகக் கருவி கூவியதும் பயன்படவில்லை. இன்று உலக அளவில் உயரத்தைக் கூறும்போது ஆயிரம், நூறு என்ற சொற்களைச் சேர்த்தே கூறும் முறை கைக்கொள்ளப்படுகிறது. தமிழில் இரண்டு என்ற எண்ணுப்பெயரும் கு என்ற வேற்றுமையுருபும் ஒருகாலும் மயங்கா. இரண்டாயிரத்து நானூறு அடிக்கு என்பதை எவரும் நானூறு அடிக்கு என்று கேட்கமாட்டார். நம் மொழியின் இக்கட்டமைப்பை எண்ணி மகிழலாம்தான். ஆனால் நம் பிள்ளைகள் வானில் பேசப்போவது ஆங்கிலம். மூன்றை டிரீ என்றும், ஐந்தை ஃபைப் என்றும், ஒன்பதை நைனர் என்றும் ஒலிக்கப் பயிற்றுவிப்பது, இரைச்சலில் ஒரு சொல் மற்றொன்றாகக் கேட்காதிருப்பதற்கே. ஆங்கிலப் புலமையை மெய்ப்பிப்பதும் பன்னாட்டுப் பறப்பில் விமானிக்குக் கட்டாயமாகிவிட்டது. கருத்தைத் தாய்மொழியில் தெளிவாக உணர்ந்தவர் அந்தச் சுருக்க ஆங்கிலத்தை விரைவில் பிடித்துக்கொள்வார் என்பது என் கருத்து. பொருள் புரியாமல் மனப்பாடம் செய்த சொற்றொடர், எதிர்பாராத கேள்வி வந்ததும் உதிர்ந்துவிடும்.

அனுமதிக்கப்பட்ட உயரத்தை உயரத் தேர்வுக் கருவியிலும், முதல் திருப்பத்தின் திசையைத் திசைக்குறியிலும் உடனே பதிக்க வேண்டும். காதில் விழுந்த எண் நினைவில் ஒரு நிமிடம் நிற்கும். அதற்குள் திரையில் ஏறிவிட வேண்டும். ஈப்போவின் ஓடுபாதை ஒருபுறம் 04, மறுபுறம் 22 என்று எண்ணிடப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 40 பாகை, 220 பாகை என்பதன் சுருக்கம் அது. ஒன்று மலைத்தொடரை நோக்கியது. மற்றொன்று அதற்கு எதிர்த்திசை. காற்று மாறி, கடைசி நேரத்தில் ஓடுபாதையை மாற்றிச் சொன்னால், பதித்துவைத்த புறப்பாட்டு முறை அனைத்தையும் நீக்கிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். நகர்ந்துகொண்டே செய்துவிடலாம் என்ற எண்ணம் வரும். வண்டியை நிறுத்திவிட்டுச் செய்வதே முறை.

புறப்படும் விமானி திரும்பி இறங்குவதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் வியப்போடு கேட்பார்கள். எழும்பிய மூன்றாம் நிமிடத்தில், மேகத்துக்குள், இயந்திரம் இருமத் தொடங்கினால் வரைபடத்தைத் தேட நேரமிராது. ஆகவே அதே நிலையத்தில் கருவிவழி இறங்கும் முறையின் வரைபடம் மடியில் திறந்திருக்க வேண்டும். அதற்குரிய வானலை எண் மாற்றுச் சாளரத்தில் காத்திருக்க வேண்டும். ஓடுபாதை கண்ணில் படாத வரை எந்த உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற எண் மனத்தில் இருக்க வேண்டும். 1977 செப்டம்பர் 27ஆம் நாள் சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டி.சி. 8, ஓடுபாதையைக் காணாமலே அந்த எண்ணுக்குக் கீழே இறங்கி, எல்மினா ரப்பர் தோட்டத்தில் விழுந்தது. 79 பேரில் 34 பேர் மாண்டனர். பால்மரங்களுக்கிடையே சிதறிக் கிடந்த அந்த வானூர்தியின் செய்தி, தோட்டங்கள் தோறும் நெடுநாள் பேசப்பட்டிருக்கும்.

கடைசிச் சோதனை ஓடுபாதையின் தலைப்பிலேயே நடக்கிறது. வானூர்தியின் மூக்கு நடுக்கோட்டின்மேல் நேராக நின்றதும், விமானி மூன்று இடங்களைப் பார்ப்பார்: காந்தத் திசைகாட்டி, திரையிலுள்ள திசை எண், தரையில் வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டுள்ள ஓடுபாதை எண். 04இல் நின்றால் மூன்றும் 40ஐ ஒட்டிச் சொல்ல வேண்டும். அதன்பின் நகரும் படத்தில் தம் வானூர்தியின் சிறு உருவம் ஈப்போவின் ஓடுபாதைமேல் நிற்கிறதா என்று பார்ப்பார். டிரான்ஸ்பாண்டர் இயங்குகிறதா என்பதையும் ஒருமுறை நோக்குவார். இவற்றில் ஏதேனும் ஒன்று ஒத்துவராவிட்டால், புறப்பட அனுமதி கிடைத்திருந்தாலும், பின்னால் வேறு வானூர்தி காத்திருந்தாலும், ஓடுபாதையைவிட்டு வெளியேறி நிறுத்துமிடத்துக்குத் திரும்பும் உரிமை விமானிக்கு உண்டு. கட்டுப்பாட்டாளரிடம் ஒரே தொடரில் சொன்னால் போதும். காரணம் அப்போது கேட்கமாட்டார்கள்.